சாப்பாட்டு இடத்துக்கு எந்த மேசை, எந்த விளக்கு, எந்தச் சுவர்?

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். திருச்சியில் புது அடுக்குமாடி வீடு. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே 10 அடிக்கு 11 அடி இடம். வீட்டில் ஐந்து பேர்: நீங்கள், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார். கடையில் பார்த்த வெள்ளை மார்பிள் போட்ட ஆறு பேர் மேசை, அதற்கு மேலே வரிசையாக மூன்று தொங்கு விளக்குகள், ஒரு சுவரில் வால்பேப்பர், இவை பொருந்துமா என்பது கேள்வி. ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். பழைய வீட்டிலும் மேசை இருந்தது, அதில் யாரும் சாப்பிட்டதில்லை, இஸ்திரித் துணியும் கரண்ட் பில்லும்தான் கிடந்தன என்று. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். புது மேசைக்கும் அதே கதி வராமல் இருக்க என்ன செய்வது? அதற்கே பதில் எழுதுகிறேன். மார்பிளும் விளக்கும் வழியில் வரும்.

என் அப்பா காரைக்குடிப் பக்கத்தில் தச்சு வேலை செய்தவர். நான் 22 ஆண்டுகளாக வீடுகளுக்கு உள்வேலை செய்து கொடுக்கிறேன். அளவுகள், மரம், கல், பலகை எப்படி நடந்துகொள்ளும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நிறம், அழகு பற்றி நான் சொல்வதெல்லாம் என் ரசனை, நீங்கள் தள்ளிவிடலாம். வீட்டை நேரில் பார்க்காததால், நீங்கள் போட்ட வரைபடத்தை மட்டும் நம்பித்தான் எழுதுகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்கு 7 அடி நீளத்தில் கண்ணாடி மேசை செய்து கொடுத்தேன். தேக்குக் கால், 12 மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடி, உயரமான சாய்வு வைத்த எட்டு நாற்காலிகள். வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஒரு வருடம் கழித்து வேறு வேலைக்காக அதே வீட்டுக்கு மதிய நேரத்தில் போனேன். அந்த வீட்டுப் பாட்டி சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சோபாவில். மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். அந்த வழியில் சூடான குழம்புச் சட்டியோடு யார் போவார்கள்? தவறு என்னுடையது. வருடத்தில் நாலு நாள் வரும் விருந்தாளிகளை நினைத்து அளவு போட்டிருந்தேன். தினம் மூன்று வேளை சாப்பிடுகிறவர்களை நினைக்கவில்லை. அன்றிலிருந்து மேசையின் நீளத்தைக் கடைசியில்தான் முடிவு செய்கிறேன். அடுப்பிலிருந்து தட்டு வரை யார், எந்த வழியாக, கையில் எதோடு நடப்பார் என்பதைத்தான் முதலில் வரைகிறேன்.

உங்கள் வீட்டில் அந்த வழி தெளிவாகத் தெரிகிறது. 10 அடி அகலத்தில் ஒரு பக்கம் ஹால் திறப்பு, எதிர்ப்பக்கம் சமையலறைக் கதவு. இரண்டும் ஒரே முனையில் இருக்கின்றன. வாஷ்பேசினும் அதே முனையின் சுவரில்தான். அதனால் நடமாட்டம் முழுக்க அந்த முனையில் குறுக்கே ஓடும். எதிர்முனைச் சுவர் வெறும் சுவர், கதவு இல்லை. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 அடி என்றால் 132 அங்குலம். நடுவில் போடாமல், வெறும் சுவரோடு ஒட்டி 6 அடி மேசை போட்டால்கூட மீதி 60 அங்குலம்தான். பேசின் சுவரிலிருந்து 18 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். முனையில் ஒருவர் உட்கார்ந்தால் அவருக்கு 20 முதல் 22 அங்குலம் வேண்டும். நடக்க மிஞ்சுவது 20 அங்குலம். அதில் யாரும் தட்டோடு போக முடியாது. அதே இடத்தில் 5 அடி மேசை போட்டால் நடக்க 32 அங்குலம் கிடைக்கும். அது போதும். மேசையின் அகலம் 3 அடி என்றால் இரண்டு பக்கமும் 42 அங்குலம் வீதம் மிஞ்சும். உட்கார்ந்தவருக்குப் பின்னால் இன்னொருவர் போய்வரலாம்.

5 அடி மேசையில் ஒரு முனையைச் சுவரோடு ஒட்டிவிட்டால் பக்கத்துக்கு இருவர், திறந்த முனையில் ஒருவர் என்று சரியாக ஐந்து பேர். ஒருவருக்கு 24 அங்குல அகலம் வேண்டும். பக்கத்துக்கு இருவர் என்றால் 48 போக, சுவர் ஓரமாக 12 அங்குலம் மிச்சம் இருக்கும். எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்தது அந்த 12 அங்குலம்தான். சாதப் பாத்திரம், குழம்பு, ரசம், தண்ணீர் ஜக்கு எல்லாம் அங்கே உட்கார்ந்துவிடும். நம் சாப்பாடு ஒரே தடவையில் தட்டில் வைத்து முடிவதில்லை. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்று. பாத்திரம் மேசையில் இல்லாவிட்டால் ஒருவர் எழுந்து எழுந்து போக வேண்டும், அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். எல்லாரும் முடித்த பிறகு ஆறிப்போன சோற்றை அவர் தனியாகச் சாப்பிடுவார். பரிமாறுகிறவரும் கூடவே உட்கார்ந்து சாப்பிடும்படி ஒரு மேசையை அமைப்பதைத்தான் சாப்பாட்டு இடத்துக்குச் செய்யும் முதல் அலங்காரம் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பக்கமாக இருக்கும் திறந்த முனை பரிமாறுகிறவருக்கு. அதை ஒட்டி ஹால் பக்கம் இருக்கும் வெளி நாற்காலி மாமியாருக்கு. அவர் எழ யாரும் நகர வேண்டியதில்லை.

மேசை அகலத்தில் மட்டும் இறங்கிப் போகாதீர்கள். கடைகளில் 30 அங்குல அகல மேசை விலை குறைவாகக் கிடைக்கும். நம் சாப்பாட்டுத் தட்டு 11, 12 அங்குலம். எதிரெதிரே இரண்டு தட்டு வைத்தால் நடுவில் மிஞ்சுவது 6 அங்குலம். அதில் ஒரு பொரியல் கிண்ணம்கூடச் சரியாக நிற்காது. 36 அங்குலம் என்றால் நடுவில் ஒரு அடி கிடைக்கும். பொங்கல், தீபாவளிக்குத் தலைவாழை இலை போடுவீர்கள் என்றால் இரண்டு அடிக்கு மேல் அகலமான இலைக்கு ஆளுக்கு 30 அங்குலம் வேண்டும். அன்றைக்கு மேசையைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டால் ஆறாவது ஆள் உட்கார்வார், இலையும் விரியும். பத்துப் பேருக்கு மேல் வந்தால் ஹாலில் பவானி ஜமக்காளம் விரித்துத் தரையில் பந்தி போடுங்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பந்தி நடந்ததும் தரையில்தான். கூடத்தின் நீளமும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், முற்றத்திலிருந்து வந்த வெளிச்சமும் சேர்ந்தே அந்த இடங்களுக்கு அழகு கொடுத்தன. முழங்காலுக்கு ஆகாதவர்களுக்கு மட்டும் மேசை. இதில் குறை ஒன்றும் இல்லை.

நான் சொல்வதை நம்பி வாங்கிவிடாதீர்கள். 5 அடிக்கு 3 அடி செய்தித்தாளை ஒட்டித் தரையில் விரியுங்கள். சுற்றி ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள். மாமியாரை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். கையில் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தோடு சமையலறையிலிருந்து நடந்து பாருங்கள். பிறகு 6 அடி தாளை விரித்து அதே நடை. குளிர்பதனப் பெட்டி, அலமாரி, குளியலறைக் கதவு எல்லாவற்றையும் முழுக்கத் திறந்து பாருங்கள். இந்தச் சோதனையில் அரை மணி நேரத்தில் தெரிவது எந்தக் கணினிப் படத்திலும் தெரியாது. வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் இதற்குப் பிறகு தாங்கள் கேட்ட அளவைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள்.

உயரம். மேசை 29 முதல் 30 அங்குலம், நாற்காலி இருக்கை 17 முதல் 18 அங்குலம், இரண்டுக்கும் நடுவே 11, 12 அங்குல வித்தியாசம். இது எங்கும் நிலைத்துவிட்ட அளவு. கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்களுக்கு 30-ஐ விட 29 வசதி என்பது என் அனுபவம். எந்த அளவுப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. மேசைப் பலகைக்குக் கீழே ஓடும் சட்டம் தரையிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடை இடிக்கும். கடையில் நின்று பார்த்தால் இது தெரியாது, உட்கார்ந்து காலைக் குறுக்கே போட்டுப் பாருங்கள்.

மாமியாருக்கு மட்டும் வேறு நாற்காலி வாங்குங்கள். ஒரே மாதிரி ஐந்து இருந்தால்தான் அழகு என்று யாராவது சொல்லலாம், ஏற்காதீர்கள். இருக்கை 18 அல்லது 19 அங்குலம், இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடி, பின்னோக்கி அதிகம் சரியாத இருக்கை, பின்கால்கள் வழுக்காதபடி ரப்பர். முழங்கால் வலியோடு எழுகிறவர் கைகளை ஊன்றித்தான் எழுவார். கைப்பிடி இல்லாவிட்டால் மேசையைப் பிடிப்பார், மேசை நகரும். பாதம் தரையில் முழுக்கப் படுகிறதா என்று பாருங்கள்; படவில்லை என்றால் ஒரு சின்ன மணைக்கட்டை போதும். முதுகு இல்லாத பெஞ்சு இப்போது நிறைய விற்கிறது, பிள்ளைகள் பக்கம் வேண்டுமானால் போடலாம், பெரியவர்களுக்கு வேண்டாம். எந்த உயரம் அவருடைய முழங்காலுக்கு நல்லது என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ சொல்லட்டும். நான் மரத்தின் அளவுதான் சொல்ல முடியும்.

இனி மார்பிள். நேராகச் சொல்கிறேன், வேண்டாம். மார்பிள் கால்சியம் கார்பனேட். புளிப்பு எது பட்டாலும் அது கரையும். எலுமிச்சை, புளி, தக்காளி, தயிர், ஊறுகாய் என்று நம் சாப்பாட்டில் புளிப்பில்லாதது எது? பட்ட இடத்தில் பளபளப்புப் போய் மங்கலான வட்டம் விழும். அது கறை இல்லை, கல்லின் மேல்தோலே அரிக்கப்பட்டது. துடைத்தால் போகாது, திரும்பப் பாலிஷ் போட வேண்டும். சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) அடித்தால் மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்குவது குறையும். புளிப்பால் வரும் மங்கலை சீலர் தடுக்காது. கடையில் மார்பிள் என்று விற்பதில் சில மார்பிளே இல்லை. கல்தூளும் ரெசினும் சேர்த்துச் செய்தவையும், பீங்கான் மாதிரி சுட்ட பலகைகளும் இருக்கின்றன. அதில் சில புளிப்பைத் தாங்கும், ஆனால் ரெசின் கலந்தவற்றில் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேராக வைத்தால் நிறம் மாறும். சந்தேகம் இருந்தால் ஒரு மாதிரித் துண்டு கேட்டு வாங்கி வந்து எலுமிச்சைச் சாறு பத்து நிமிடம் விட்டுத் துடைத்துப் பாருங்கள்.

கல்தான் வேண்டும் என்றால் கறுப்பு கிரானைட் நல்லது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் கல் நம் புளிக்கும் சூட்டுக்கும் பயப்படாது. ஆனால் 5 அடிக்கு 3 அடியில் 18 மில்லிமீட்டர் பலகை மட்டும் 70 கிலோவுக்கு மேல் இருக்கும். விருந்துக்கு இழுக்கலாம் என்று சொன்னேனே, அது நடக்காது. எவர்சில்வர் டம்ளர் வைக்கும் ஒவ்வொரு தடவையும் சத்தம் வரும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நான் மரத்தைத்தான் சொல்வேன். மரத்தில் கை வைத்தால் குளிராது, டம்ளர் சத்தம் அடங்கும், கீறல் விழுந்தால் இழைத்துச் சரிசெய்யலாம்.

தேக்கு வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போடும்படி ஒன்றைச் சொல்கிறேன். ஒன்றேகால் அங்குலப் பலகை, மூன்று அங்குலக் கால்கள், சுற்றுச் சட்டம் எல்லாம் சேர்த்து இந்த மேசைக்குச் சுமார் 2.7 கன அடி மரம் வேண்டும். அறுப்பிலும் இழைப்பிலும் போகும் சேதாரத்தையும் சேர்த்தால் மூன்றரை கன அடி. உங்கள் ஊர் மரக்கடையில் ஒரு கன அடி விலையைக் கேட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள், கூலி தனி. வாங்கும்போது வைரம் பாய்ந்த மரமா என்று பாருங்கள். வெளிறிய வெள்ளைப் பகுதி தேக்காகவே இருந்தாலும் கரையான் அதை விடாது. தேக்குக்குப் பணம் போதாது என்றால் வேம்பு, பலா, பூவரசு மூன்றிலும் நல்ல மேசை செய்திருக்கிறேன். ரப்பர் மரம் மலிவு, பதப்படுத்தி உலர்த்தியது என்றால் தாராளமாக வாங்கலாம். பதப்படுத்தாததை வண்டு துளைத்துப் பொடியாக்கிவிடும். எந்த மரமானாலும் ஈரம் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்த மேசை சித்திரை வெயிலில் உலர்ந்து வெடிக்கும். அப்புறம் ஒன்று: பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு இறுக்கிவிடக் கூடாது. மழைக்காலத்தில் மரம் விரியும், கோடையில் சுருங்கும். அதற்கு இடம் விட்டு உலோகப் பிடிப்பான் வைக்கத் தெரிந்த ஆசாரியிடம் கொடுங்கள்.

பாலிஷில் பழைய ஸ்பிரிட் பாலிஷ் கண்ணுக்கு அழகு, சாப்பாட்டு மேசைக்கு ஆகாது. சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். பியு (பாலியூரிதேன்) பாலிஷ் போடச் சொல்லுங்கள். மேலே பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது நம் வீடுகளில் பழக்கம். பாலிஷைக் காப்பாற்றுவதற்காகப் போடுகிறார்கள், அந்த உறையே நாளடைவில் பாலிஷோடு ஒட்டிக்கொண்டு இளக்கிவிடுகிறது. அதற்குப் பதில் ஆளுக்கு ஒரு பருத்தி விரிப்பு வையுங்கள். கரூரில் நெய்யும் மேசை விரிப்புகள் உலகம் முழுக்கப் போகின்றன, உங்களுக்கு இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. மஞ்சள் கறை பட்டால் துவைத்து வெயிலில் போடுங்கள், மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளிறும்.

விளக்கு விஷயத்தில் படங்களைப் பார்த்து எல்லாரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். படங்களில் மேசைக்கு நேர் மேலே தொங்கு விளக்கு இருக்கும், மின்விசிறி இருக்காது. திருச்சியில் விசிறி இல்லாமல் யார் சாப்பிட முடியும்? அறையின் நடுவில் கொக்கி, கொக்கியில் விசிறி, விசிறிக்குக் கீழே மேசை என்றால் மூன்று விளக்குகளைத் தொங்கவிடவே முடியாது. விட்டாலும் காற்றில் ஆடும். விசிறிக்கு மேலே விளக்குப் போட்டால் இறக்கைகளின் நிழல் தட்டில் வெட்டி வெட்டி விழும், தலைவலி வரும். உங்கள் மேசை சுவரோடு ஒட்டிவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்கிறது. அறையின் நடு, சுவரிலிருந்து 66 அங்குலம். 1200 மில்லிமீட்டர் விசிறியின் இறக்கை நுனி சுவரிலிருந்து 42 அங்குலத்தில் நின்றுவிடும். மேசையின் நடு 30 அங்குலத்தில். நுனியிலிருந்து ஒரு அடி தள்ளி ஒரே ஒரு விளக்கு தொங்கலாம். அதை ஒயரில் தொங்கவிடாமல் கம்பியில் பொருத்துங்கள், கனமான பித்தளையோ இரும்போ ஆன மூடி போடுங்கள். மேசைப் பலகையிலிருந்து 30 முதல் 36 அங்குல உயரம், எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்காது. விசிறி நுனிக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு அடிக்கும் குறைவாக வந்தால் தொங்கு விளக்கை விட்டுவிடுங்கள். அதே சுவரில் இரண்டு சுவர் விளக்குகள் போதும், பாதுகாப்பும் அதிகம்.

விளக்கின் வடிவத்தை விட நிறம் முக்கியம். எல்.இ.டி. பெட்டியில் 6500 கெல்வின் என்று இருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை. அதில் சாம்பாரும் வெளிறும், உட்கார்ந்தவர்களின் முகமும் வெளிறும். 2700 அல்லது 3000 வாங்குங்கள். பக்கத்திலேயே சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும். பொருளின் இயல்பான நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதன் அளவு. 80 பரவாயில்லை, 90 நல்லது. பிள்ளைகள் அதே மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவார்கள் என்றால், அது நல்லதுதான், தனியாக 4000 கெல்வினில் ஒரு கூரை விளக்கு வேறு சுவிட்சில் இருக்கட்டும்.

சுவர். மேசை ஒட்டும் சுவரில் குழம்பு தெறிக்கும், நாற்காலி உரசும். மேசைக்கு மேல் ஒன்றரை அடி வரை கழுவக்கூடிய எமல்ஷனோ டைலோ வேண்டும். ஆத்தங்குடிக் கல் வைக்க ஆசை வரலாம். அது சிமென்டில் செய்தது, புளிப்பும் எண்ணெயும் நேராகப் படும் இடத்தில் வைக்காமல் மேசையிலிருந்து தள்ளித் தரையில் ஒரு பட்டையாக வைத்தால் நிற்கும். வால்பேப்பரைப் பேசின் சுவரில் ஒட்டவே ஒட்டாதீர்கள். வெளிச்சுவராக இருந்தால் ஒரு மழைக்காலம் முடிந்து, ஈரம் ஏறவில்லை என்று பார்த்த பிறகு ஒட்டலாம். நிறத்தைக் கடை அட்டையில் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டடிக்கு இரண்டடி சுவரிலேயே அடித்துக் காலையும் இரவும் பாருங்கள். படம் மாட்டினால் உட்கார்ந்தவர் கண்ணுக்குச் சற்று மேலே. தஞ்சாவூர் ஓவியம் இருந்தால் பேசின் பக்கமும் வெயில் பக்கமும் வேண்டாம், ஈரம் பட்டால் பலகையும் பூச்சும் கெடும்.

மேசை ஏன் குப்பை மேடாகிறது என்பதற்கு வருகிறேன். காரணம் சாப்பாட்டு இடத்தில் இல்லை, வீட்டின் மற்ற இடங்களில் இருக்கிறது. வாசலில் நுழைகிறவர் கையில் சாவி, பை, கடிதம், காய்கறி. அவற்றை வைக்க முதலில் கிடைக்கும் சமமான பலகை சாப்பாட்டு மேசைதான். இஸ்திரிக்காரர் கொண்டுவந்த துணிக்குப் படுக்கையறையில் இடம் இல்லை, அதனால் அதுவும் இங்கே. அலைபேசிக்குச் சார்ஜ் போட வசதியான பிளக் இங்கேதான் இருக்கிறது. எனவே வாசலுக்குள் நுழைந்ததும் 10 அங்குல ஆழத்தில் ஒரு தட்டு, அதன் கீழே நாலு கொக்கி, காகிதத்துக்கு ஓர் இழுப்பறை. படுக்கையறை அலமாரியில் இஸ்திரித் துணிக்கென்று ஒரு தட்டைக் காலியாகவே விடுங்கள். சார்ஜர் பிளக் ஹாலில் சோபா பக்கம் இரண்டு. பிள்ளைகளின் புத்தகத்துக்கு மேசைக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த ஒரு பெட்டி. சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் அதற்குள் போய்விடும். இவை நாலும் சேர்ந்தாலும் ஒரு நல்ல நாற்காலி விலைதான் ஆகும். செய்த வீடுகளில் மேசை காலியாக இருக்கிறது, செய்யாத வீடுகளில் எவ்வளவு விலை உயர்ந்த மேசையும் மூடிக்கிடக்கிறது. ஹாலில் டிவி சாப்பாட்டு மேசைக்கு முதுகு காட்டும்படி இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன், ஆனால் அது உங்கள் வீட்டுப் பழக்கம், நான் சொல்ல உரிமையில்லை. வாஸ்துவும் அப்படித்தான். எனக்கு அதில் பயிற்சி இல்லை. மாமியாருக்கு எந்தத் திசை பார்த்து உட்கார வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிட்டு வரைவேன்.

பாத்திர அலமாரி செய்வதானால் ஆழம் 14 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் ஆழம் இருந்தால் பின்வரிசையில் இருப்பதை யாரும் எடுப்பதில்லை. பேசினுக்குப் பக்கம் என்பதால் ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ள பிளைவுட் கேளுங்கள். 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனை அதற்குத்தான். ஐ.எஸ். 303-இல் எம்.ஆர். (ஓரளவு ஈரம் தாங்குவது) என்று வருவது படுக்கையறைக்குப் போதும், தண்ணீர் படும் இடத்துக்கு ஆகாது. முத்திரை மேல் சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வீட்டில் இரண்டு மணி நேரம் கொதிக்க வையுங்கள். ஏடு ஏடாகப் பிரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் மின்சாரப் புள்ளிகள், ஏனென்றால் சுவரை வெட்ட வேண்டும். மேசைச் சுவரில் 16 ஆம்பியர் பிளக் ஒன்று போடுங்கள். மேசையில் இண்டக்‌ஷன் அடுப்பு வைக்க நினைத்தால், 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் பிளக் தாங்காது. அப்புறம் பெயின்ட், பிறகு விளக்கு, பிறகு நாற்காலி, மேசை. பணம் குறைந்தால் அலமாரியைத் தள்ளிப்போடுங்கள், நாற்காலியில் குறைக்காதீர்கள். அளவை டைலும் பூச்சும் முடிந்த பிறகு எடுங்கள். வரைபடத்து 10 அடி, பூச்சுக்குப் பிறகு இரண்டு அங்குலம் குறைந்திருக்கும். ஆர்டர் கொடுக்கும் முன் லிஃப்ட் கதவு, மாடிப்படி திருப்பம், வீட்டு வாசல் மூன்றையும் அளந்து ஆசாரியிடம் கொடுத்துவிடுங்கள். பலகையும் கால் சட்டமும் போல்ட்டில் தனித்தனியாகக் கழன்று வரும்படி செய்யச் சொன்னால், ஐந்தடிப் பலகையை நிமிர்த்தி லிஃப்டிலேயே கொண்டுபோய்விடலாம்.